வடித்தது எவ்வளவு, நிரப்பியது எவ்வளவு? கூலன்ட் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடித்து மாற்றுவதைப் பற்றியவை. எனவே இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல் பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கூலிங் சிஸ்டத்தின் கொள்ளளவு 8 லிட்டர் என்று கையேடு சொல்கிறது. ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்தபோது நாலரை லிட்டர்தான் வடிந்தது. அதன்பின் குழாய் நீரை ஊற்றி இரண்டு முறை அலசி வடித்துவிட்டு, நீருடன் பாதிக்குப் பாதி கலந்தே விற்கப்படும் கூலன்ட்டை நாலரை லிட்டர் ஊற்றி மூடினேன். மறுநாள் முதல் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. ஏற்றத்தில் வேகமாகப் போனால் வெப்பமுள் சட்டென்று ஏறி, பிறகு தானாகவே இறங்கிவிடுகிறது. எங்கே பிசகியது?

பதில்: இரண்டு இடங்களில் பிசகியிருக்கிறது. ஒன்று கலவையின் விகிதம். மற்றொன்று உள்ளே தங்கிவிட்ட காற்று. இரண்டுக்கும் விடை நீங்களே அளந்து எழுதியிருக்கும் அந்த நாலரை லிட்டரில் இருக்கிறது. வடிந்ததை அளந்து பார்த்தீர்களே, அது மிக நல்ல பழக்கம். பலர் அதைச் செய்வதில்லை.

ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தால் ரேடியேட்டரிலும் அதை ஒட்டிய ஹோஸ்களிலும் உள்ளது மட்டுமே வடியும். எஞ்சின் பிளாக்கில் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்வழிகள், காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள் ஆகியவற்றில் உள்ளது அப்படியே நின்றுவிடும். உங்கள் காரில் அப்படி நின்றது மூன்றரை லிட்டர். இரண்டு முறை அலசிய பிறகு அந்த மூன்றரை லிட்டரும் ஏறக்குறைய வெறும் நீராகிவிட்டது. அதன்மேல் பாதி நீர் கலந்த கூலன்ட்டை ஊற்றியதால், பழைய கூலன்ட்டின் மிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், கூலன்ட்டின் முக்கியப் பொருளான கிளைகாலின் பங்கு மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. உறைநிலையும் கொதிநிலையும் மட்டுமல்ல, துருவைத் தடுக்கும் சேர்மானங்களும் அதே அளவுக்கு நீர்த்துப் போயிருக்கின்றன. அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் அலுமினிய ரேடியேட்டரும் உள்ள காருக்கு இது நல்லதல்ல.

அலசிய பிறகு நிரப்புவதாக இருந்தால், கலக்காத அடர் கூலன்ட்டைத்தான் வாங்க வேண்டும். கணக்கு எளியது. மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர். அதில் பாதி, அதாவது 4 லிட்டர், அடர் கூலன்ட்டாக இருக்க வேண்டும். காலியாக இருக்கும் நாலரை லிட்டர் இடத்தில் முதலில் அந்த 4 லிட்டரை ஊற்றிவிட்டு, மீதி அரை லிட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால், உள்ளே நிற்கும் மூன்றரை லிட்டரோடு சேர்ந்து விகிதம் சரியாகிவிடும். எஞ்சினை ஓட்டி நன்றாகக் கலந்த பிறகு, கலவையின் விகிதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

அலசுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் 8 லிட்டரில் நாலரை வெளியேறி மூன்றரை நிற்கிறது என்றால், முதல் அலசலுக்குப் பின் பழைய கூலன்ட் சுமார் 44 விழுக்காடு எஞ்சியிருக்கும். இரண்டாவதற்குப் பின் 19. மூன்றாவதற்குப் பின் 8. இதுவும் ஒவ்வொரு முறையும் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை எஞ்சினை ஓட்டி, நீர் பிளாக்குக்குள் சுற்றிவந்தால் மட்டுமே. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ஊற்றி உடனே வடித்தால் ரேடியேட்டரைத்தான் கழுவியிருப்பீர்கள், எஞ்சினை அல்ல. ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டும். சூடான பிளாக்கில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணக்கூடும். குழாய் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடான இடங்களில் உப்பாகப் படியும். குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கும். எனவே கடைசி இரண்டு அலசல்களாவது காய்ச்சி வடித்த நீரால் அமையட்டும்.

இவ்வளவு முறை அலசுவதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பல எஞ்சின்களில் பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு டிரெயின் பிளக் இருக்கும். வி வடிவ எஞ்சினில் பெரும்பாலும் இருபுறமும் இருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியில் மறைந்திருப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. பணிமனைக் கையேட்டில் அதன் இடமும் இறுக்க வேண்டிய விசையும் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் பிளாக்கில் நிற்பதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். கழற்றிய பிறகு பழைய வாஷரையே திரும்பப் போடாதீர்கள். ரேடியேட்டரின் அடித்திருகு பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது; அதைக் கையால் இறுக்கினாலே போதும், ஸ்பேனரை வைத்தால் உடைந்துவிடும்.

இனி காற்றுக்கு வருவோம். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவதும், முள் ஏறி இறங்குவதும், உள்ளே ஏர் லாக், அதாவது ஓட்டத்தை மறிக்கும் காற்றடைப்பு, இருப்பதற்கான தெளிவான அறிகுறிகள். காற்று எப்போதும் சுற்றோட்டத்தின் உயரமான இடங்களைப் பிடித்துக்கொள்ளும்: ஹீட்டர் கோர், சிலிண்டர் ஹெட்டின் மேற்பகுதி, டர்போவின் நீர்க்குழாய்கள். ஸ்போர்ட்ஸ் காரில் பானெட் தாழ்வாக இருப்பதால் ரேடியேட்டரின் மூடியே எஞ்சினைவிடக் கீழே அமைந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட காரில் மூடிவரை நிரப்பிவிட்டோம் என்பதால் எஞ்சின் நிரம்பிவிட்டது என்று எண்ண இடமில்லை.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது சிலிண்டர் ஹெட்டைப் பற்றித்தான். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கூலன்ட் வழியாகத்தான் வெளியேறுகிறது. எக்ஸாஸ்ட் வால்வுகள் அமரும் இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் அதில் மிகப் பெரும் சுமையைத் தாங்குகிறது. அங்கே ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால் அந்த இடத்து வெப்பத்தை எடுத்துச்செல்ல எதுவும் இருக்காது. ஹெட் வளையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். வெப்பத்தை உணரும் சென்சார் திரவத்தில் மூழ்காமல் காற்றுக்குள் நின்றுவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் குறைவாகக் காட்டும். உங்கள் காரில் முள் தானாக இறங்கியதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றை வெளியேற்றும்வரை காரை விரட்டி ஓட்டாதீர்கள்.

டர்போவுக்கும் இதில் பங்கு உண்டு. எஞ்சினை அணைத்த பிறகும் சூடேறிய கூலன்ட் மேலே எழ, குளிர்ந்தது கீழிருந்து வர, டர்போவின் பேரிங்குகள் இருக்கும் நடுப்பகுதி மெல்ல ஆறுகிறது. அந்தக் குழாயின் உச்சியில் காற்று நின்றால் இந்த ஓட்டம் அறுந்துபோய், எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகப் படியும்.

நிரப்பும் முறையைச் சொல்கிறேன். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற கார் என்றால் மிக நல்லது. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மூடியுள்ள வாயே சுற்றோட்டத்தின் உச்சியாகும்படி செய்யுங்கள். ஹீட்டரை அதிகபட்ச வெப்பத்தில் வையுங்கள். கூலன்ட்டை நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேற்படாமல் நிதானமாக ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் மேலேறி வரும் காற்றை நீங்களே கீழே அமுக்கிவிடுவீர்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விட்டால் குமிழிகள் கொப்புளித்து வெளியேறும். காற்றை வெளியேற்றுவதற்கென ஒரு திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாத ஒரே சீரான தாரை வந்த பிறகு மூடுங்கள்.

அடுத்து, வாயில் இறுகப் பொருந்தும் உயரமான புனலை மாட்டி, அதில் பாதிவரை கூலன்ட் நிற்கும்படி செய்து எஞ்சினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். திறந்த கணமே புனலில் மட்டம் சரேலென்று இறங்கும், பெரிய குமிழிகள் பொங்கி எழும். பயப்பட வேண்டாம், நாம் காத்திருந்தது இதற்காகத்தான். குமிழி வருவது நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்து, மின்விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை விட்டுவைத்து, பிறகு அணைத்து முழுவதும் ஆறவிடுங்கள். ஆறும்போது மட்டம் இன்னும் இறங்கினால் நிரப்பிவிட்டு மூடுங்கள். ஒவ்வொரு முறை ஊற்றியதையும் குறித்துக்கொண்டே வாருங்கள். வடித்தது நாலரை லிட்டராக இருந்து, நிரப்பியது மூன்றே முக்கால்தான் என்றால், முக்கால் லிட்டர் காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வேலை முடியவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. ஆனால் உங்கள் காரில் நடந்ததுபோல் அளவு பொருந்தியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், அப்போதும் வேலை முடியவில்லை என்றே பொருள்.

சில கார்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தால் இயங்கும்; அங்கே எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. பிஎம்டபிள்யூவின் என்52, என்54 எஞ்சின்களில் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை அதிகபட்ச வெப்பத்திலும் புளோவரைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 10 விநாடி முழுவதும் அழுத்திப் பிடித்தால், பம்ப் தானாகவே சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றை வெளியேற்றும். பேட்டரி இறங்கிவிடாமல் சார்ஜரை இணைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள கார் என்னுடையது. எத்தனை முறை முயன்றாலும் காற்று முழுதாக வெளியேறுவதில்லை. இதற்கு வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, உங்கள் காருக்கு அது ஒன்றுதான் நம்பகமான வழி என்பேன். முன்னாலிருந்து பின்னால்வரை காரின் அடியில் நீண்டு செல்லும் குழாய்கள் ஏறி இறங்கும் இடமெல்லாம் காற்றுக்குப் புகலிடம். 1997இல் வந்த 996 தலைமுறையில் போர்ஷே 911 நீர்க்குளிர்விப்புக்கு மாறியபோது, எஞ்சின் பின்னாலும் ரேடியேட்டர்கள் முன்னாலும் அமைந்ததால், கூலன்ட்டின் அளவே 20 லிட்டருக்கு மேல் போயிற்று. அவ்வளவையும் புனல் வைத்து நிரப்பிக் காற்றெடுப்பது பெரும்பாடு. அதனால் பணிமனைகள் வெற்றிட முறையைக் கையாள்கின்றன.

கம்ப்ரஸர் காற்றால் இயங்கும் ஒரு சிறு கருவியை வாயில் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அளவுமானி சுமார் 0.8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வெற்றிடத்தைக் காட்டும்போது ஹோஸ்கள் தட்டையாக ஒட்டிப்போயிருக்கும், அது இயல்பே. வால்வை மூடிவிட்டுச் சில நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். அது அசையாமல் நின்றால் கசிவில்லை என்று எடுத்துக்கொண்டு, கூலன்ட் வாளியில் இட்ட குழாயைத் திறந்துவிடலாம். திரவம் தானாகவே எல்லா மூலைகளுக்கும் பாயும். வாளியில் தேவைக்கு மேல் ஓரிரு லிட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், குழாயும் முன்கூட்டியே திரவத்தால் நிறைந்திருக்க வேண்டும். பாதியில் வாளி வற்றினால் குழாய் காற்றை உறிஞ்சிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வெற்றிடத்தில் கசியாத இணைப்பு அழுத்தத்தில் கசியலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். உள்நோக்கி இழுக்கப்படும்போது ஒட்டிக்கொள்ளும் பழைய ஹோஸ், வெளிநோக்கித் தள்ளும்போது வாய் திறக்கும். ஆகவே நிரப்பிய பின் கைப்பம்பால் மூடியில் குறித்துள்ள அழுத்தம்வரை ஏற்றி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி: பச்சை நிறக் கூலன்ட் இருந்த காரில் இளஞ்சிவப்பை ஊற்றலாமா? இரண்டும் கிளைகால்தானே என்கிறார் மெக்கானிக்.

பதில்: கிளைகால்தான், வேறுபாடு சேர்மானங்களில் இருக்கிறது. சிலிகேட்டை நம்பிய பழைய வகை சுமார் 2 ஆண்டுகள் தாங்கும். கரிம அமிலங்களை நம்பிய வகை 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ தாங்கும். இரண்டையும் கலந்த வகைகளும் உண்டு. பொருந்தாத இரண்டு சேர்ந்தால் துருத்தடுப்பின் ஆயுள் குறையும். சில சேர்க்கைகளில் கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய வழிகளை அடைத்துவிடுவதும் உண்டு. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொது விதி எதுவும் இல்லை. உங்கள் காரின் கையேட்டில் தரக் குறியீடு இருக்கும். புட்டியின் பின்புறமும் அதே குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். வகையை மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதல் பதிலில் சொன்னபடி பிளாக்கையும் வடித்து அலசிய பிறகே மாற்றுங்கள்.

கேள்வி: ரேஸ் டிராக்கில் ஓட்டும் நண்பர்கள் வெறும் நீரையே பயன்படுத்துகிறார்கள். சாலையில் ஓட்டும் காருக்கும் அது நல்லதா?

பதில்: வெப்பத்தைக் கடத்துவதில் நீரை விஞ்சுவது கடினம். ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த 4.18 கிலோஜூல் தேவை. பாதிக்குப் பாதி கலவைக்கு ஏறத்தாழ 3.4 போதும். அதாவது, அதே ஓட்டத்தில் நீர் அதிக வெப்பத்தைச் சுமந்து செல்லும். தவிர, கிளைகால் சிந்தினால் தளம் வழுக்கும், எளிதில் உலராது. பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல பந்தய அமைப்புகள் அதைத் தடை செய்திருக்கின்றன. உங்கள் நண்பர்கள் நீரோடு துருத்தடுப்பு மருந்தும் சேர்த்திருப்பார்கள். சேர்க்காவிட்டால் விரைவிலேயே எஞ்சின் அதைக் காட்டிவிடும்.

சாலையில் ஓடும் கார் மாதக்கணக்கில் அதே திரவத்தோடு நிற்கிறது, குளிர்காலத்தையும் காண்கிறது. நீர் 0 டிகிரியில் உறைந்து விரிந்து பிளாக்கைப் பிளக்கும். 1 பார் அழுத்தம்வரை தாங்கிப் பிடிக்கும் ரேடியேட்டர் மூடியின் கீழ் நீர் 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக் கலவை அதற்கு மேல் சில டிகிரி தாங்கும். ஆகவே சாலைக் காருக்குக் கலவையே வேண்டும். அதற்காக அடர் கூலன்ட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு: பாதிக் கலவை −37 டிகிரியை ஒட்டி உறைய, கலக்காத எத்திலீன் கிளைகாலோ −13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும், வெப்பத்தையும் மந்தமாகவே கடத்தும்.

கேள்வி: சூப்பர்சார்ஜர் உள்ள என் காரில் கூலன்ட் மாற்றிய பிறகு இழுவிசை குறைந்தது போலிருக்கிறது. வெப்பமுள் சரியாகவே நிற்கிறது.

பதில்: உங்கள் காரில் இரண்டு சுற்றோட்டங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சூப்பர்சார்ஜர் அழுத்தித் தரும் காற்றை நீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால், பல கார்களில் அதற்கெனத் தனித் தொட்டி, தனி மின்பம்ப், முகப்பில் தனி ரேடியேட்டர் எல்லாம் இருக்கும். பணியின்போது அதையும் வடித்துவிட்டுக் காற்றெடுக்காமல் விட்டிருந்தால், பம்ப் வெறுமனே சுழலும், இன்டர்கூலர் சூடேறும், உள்ளிழுக்கும் காற்றும் சூடேறும். கணினி உடனே எஞ்சினைக் காக்க, தீப்பொறி பாயும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளும். அதைத்தான் நீங்கள் இழுவிசைக் குறைவாக உணர்கிறீர்கள். டாஷ்போர்டு முள் காட்டுவது எஞ்சினின் வெப்பத்தை மட்டுமே.

பம்ப் ஓடும் நிலையில் அந்தத் தனித் தொட்டியின் மூடியைத் திறந்து, திரும்பி வரும் தாரையைப் பாருங்கள். விட்டு விட்டு, நுரைத்து வந்தால் காற்று இருக்கிறது. சீராக வரும்வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். அப்படியும் சீராகாவிட்டால் வெற்றிட முறையே கதி. காரின் கணினியிலுள்ள அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி இருந்தால் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றலாமா? வீட்டில் நாய் இருக்கிறது.

பதில்: ஊற்றவே கூடாது. எத்திலீன் கிளைகால் இனிப்பானது. நாய் தேடி வந்து நக்கும், பூனையும் நக்கிவிடக்கூடும். சிறிதளவே உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகும். வடிக்கும்போதே நாயைக் கட்டிவையுங்கள், தட்டை ஒரு நிமிடம்கூடத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள், சிந்தியதை உறிஞ்சும் தூளால் துடைத்தெடுத்து நிறைய நீரால் கழுவுங்கள். பழையதை மூடியுள்ள கேனில் அடைத்து, மேலே பெயர் எழுதி, கழிவு எண்ணெய் பெறும் இடத்தில் கேட்டு ஒப்படையுங்கள். குடிநீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். விலங்கோ மனிதரோ விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் விரையுங்கள்; முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால் இதற்கு மாற்றுமருந்து உண்டு.

கேள்வி: ரேடியேட்டரின் 0.9 பார் மூடிக்குப் பதிலாக 1.3 பார் மூடி போட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுமா?

பதில்: ஓடாது. மூடி வெப்பத்தைக் குறைப்பதில்லை, கொதிநிலையை மட்டுமே உயர்த்துகிறது, 0.1 பாருக்கு ஏறத்தாழ 2 டிகிரி. அந்தக் கூடுதல் அழுத்தத்தை ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் ஹீட்டர் கோரும் ஒவ்வொரு ஹோஸும் தாங்கியாக வேண்டும். பழைய காரில் அவற்றில் மிக நலிந்தது எதுவோ அது முதலில் வெடிக்கும். டிராக்கில் ஓட்டுவதற்காக ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் மாற்றியவருக்கு 1.1 பார் வரை பொருந்தலாம். மற்றவர்கள் காருக்குக் குறிக்கப்பட்ட அளவிலேயே புதிய மூடியை, கூலன்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் போட்டுக்கொள்வது போதும். ரப்பர் வளையம் வெடித்த பழைய மூடி 0.9 பாரைக்கூடத் தாங்காது.

கேள்வி: கூலன்ட் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் மட்டம் குறைந்துகொண்டே போகிறது. காற்று இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் இரண்டு மூன்று ஓட்டங்களில் குறைந்திருந்தால் அப்படி எடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் என்பது நீண்ட காலம். காலையில் ஆறிய எஞ்சினை இயக்கி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கூலன்ட் சூடாகும் முன்பே அது கல்போல் இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். அதை உறுதிசெய்ய நீலநிறச் சோதனைத் திரவம் ஒன்று இருக்கிறது. மட்டத்தைச் சற்று இறக்கிவிட்டு, வாயின்மேல் அந்தத் திரவம் உள்ள குழலை வைத்து, மேலெழும் ஆவியை மட்டும் அதன் வழியே இழுக்க வேண்டும். கூலன்ட் அதில் பட்டுவிட்டால் சோதனை கெட்டுவிடும். நீலம் மஞ்சளாக மாறினால் ஹெட் கேஸ்கட்டில் கசிவு உண்டு. மாறாவிட்டால் முன்னிருக்கையின் கால்விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் கோர் கசிந்தால் தரைக்கு வராமல் அங்கேதான் தேங்கும், கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசை போன்ற படலமும் படியும்.